சுவர் எட்டாத கூரை

மாநகராட்சியிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி காபி வேண்டாம் என்றதுமே ரத்தினசாமிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. கை நனைக்காத ஆபீசர் பெரிதாக எதற்கோ அடி போடுகிறான் என்று அர்த்தம்.

அக்ரஹாரத்து அந்த வரிசை வீட்டில் ஓடெல்லாம் நொறுங்கிக் கிடந்தது. போன மழைக்கு அவர் மனைவி அஞ்சலை குடை பிடித்துக்கொண்டு சமைத்தாள். இந்த மழைக்குள் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டாக வேண்டும். அதற்கு இந்த ஆள் அனுமதி தர வேண்டும்.

வந்தவனோ வீட்டை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஏணி கேட்டான். பலகை மச்சின் திறப்பு வழியாக மேலே போனான். போனவன் இறங்கவே இல்லை.

"அங்க என்னத்தத் தேடறான்?"

"என்னைக் கேட்டா? இத்தன வருசமா இருக்கோம், ஒரு நாளாவது ஏறிப் பாத்தீங்களா?" என்றாள் அஞ்சலை.

"பெருச்சாளியப் பாக்க நான் எதுக்கு ஏறோணும்?"

ஆனாலும் ஏறினார். ஒருத்தன் தன் வீட்டுக்குள் என்ன செய்கிறான் என்று தெரியாமல் எப்படி இருப்பது?

நஞ்சுண்டசாமி டார்ச் அடித்துக் காட்டினான். பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே இருந்த சுவர் மச்சோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே உத்தரங்கள் கௌரம்மா வீட்டுப் பக்கமாகத் தடையில்லாமல் ஓடின.

"நோடி" என்று கன்னடத்தில் ஆரம்பித்தான். "பாருங்க, வீடு ரெண்டு, கூரை ஒண்ணு. நீங்க பிரிச்சா அந்தம்மா பக்கம் உக்காந்துடும். நடுச்சுவரை ஓடுவரைக்கும் ஏத்திக் கட்டணும். அவங்க சம்மதம்னு கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பர்மிஷன் இல்ல."

அந்தப் பக்கம் கௌரம்மா கடுகு தாளிப்பது காதோரத்தில் கேட்டது. ரத்தினசாமி சுவரின் மேல்விளிம்பைத் தடவிப் பார்த்தார். அங்கிருந்து இங்கே கேட்டால், இங்கிருந்து அங்கே? கன்னடத்துக்காரிக்கு என்ன புரியப்போகிறது என்று, குழாயடிச் சண்டை முடிந்து வீட்டுக்கு வரும் போதெல்லாம் அவளைத் தண்ணிப் பிசாசு அது இதென்று தமிழில் வாய் வலிக்கத் திட்டியிருக்கிறார்.

மூவருமாகக் கௌரம்மா வீட்டில் போய் நின்றார்கள். ரத்தினசாமி தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஆரம்பித்தார். கௌரம்மா தமிழில் சொன்னாள்:

"உக்காருங்க. தண்ணிப் பிசாசு ஒண்ணும் கடிக்காது."

அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தமிழு எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார் ரத்தினசாமி.

"எல்லாம் உங்க பாடந்தான். நல்ல வார்த்தைதான் ஸ்வல்ப கம்மி."

விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டாள். ஆனால் எழுதவில்லை.

"சுவர் ஏறிட்டா அப்புறம் எனக்கு ஒண்ணும் கேக்காது. இது ஒண்ணு மட்டும் தெரியணும். உங்க ஜீவிதாவைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, ஏன் நின்னு போச்சு? அன்னைக்குப் பாத்து மெதுவாப் பேசிட்டீங்க."

"ஜாதகம்..." என்று இழுத்தார் ரத்தினசாமி.

"அது தெருவுக்குச் சொன்னது."

ரத்தினசாமி அஞ்சலையைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். சொந்த அண்ணனிடம்கூடச் சொல்லாத சங்கதி. வெறும் கையோடு திரும்பினால் இந்த மழைக்கும் குடைதான்.

"பையன் கூட வந்த டிரைவர அதட்டுனான்" என்றார் மெல்ல. "எம்மக அதைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டா. நான் விடல, ஏன்னு கேட்டேன். அப்பா, அவன் அச்சு அசலா உங்கள மாதிரியே இருக்கான்னா."

கௌரம்மா சிரிப்பாள் என்று காத்திருந்தார். அவள் சிரிக்கவில்லை. குனிந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

தமிழ் சரியாகப் பிடிபடாத நஞ்சுண்டசாமி அவள் பக்கம் சாய்ந்து, இவர் என்ன சொன்னார் என்று கன்னடத்தில் கேட்டான்.

"கூரை விஷயம்தான்" என்றாள் கௌரம்மா.