நல்ல கேஸ்

காலை ஒன்பதிலிருந்து ஏழாம் கட்டில் அம்மாவின் நெஞ்சில் பதினேழு பேர் ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டார்கள். நர்ஸ் வேலைக்கு நடுவே நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். வால்வு சுருங்கிய இதயம். பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கும் சத்தம் அப்படியே கேட்குமாம். "நல்ல கேஸ்டா, சீக்கிரம் வா" என்று ஒரு மாணவன் போனில் இன்னொருவனைக் கூப்பிடுகிறான், ஏதோ கடையில் தள்ளுபடி போட்டதைப் போல.

அந்த அம்மா யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆள் வந்து நின்றதுமே சட்டைப் பொத்தானைக் கழற்றி, இடப்பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை அடக்குவார். இரண்டு வார்த்தை பேசினாலே இரைக்கும் உடம்பு. நாளை காலை ஆபரேஷன். இன்று முழு ஓய்வு வேண்டும் என்று கேஸ் ஷீட்டில் பெரிய டாக்டரே கைப்பட எழுதியிருக்கிறார்.

பதினேழாவது ஆள் போனபோது அந்த அம்மாவின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆக்சிஜன் வைத்தேன், கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன். கோபம் முழுக்க என்மேல்தான். ஐந்தாவது ஆளோடு நிறுத்தியிருக்க வேண்டியவள், மரம் மாதிரி நின்று எண்ணியிருக்கிறேன்.

"பெரிய டாக்டர் அடுத்த பேட்ச்சோட வர்றாருக்கா. வம்பு வேணாம், உங்களைத் தூக்கி வேற வார்டுல போட்டுடுவாங்க" என்றாள் கூட வேலை செய்யும் சின்ன நர்ஸ்.

"போடட்டும். அங்கயும் கட்டில் இருக்கும்ல."

எட்டு மாணவர்களோடு வந்தார். திரையில் கை வைத்தார். நான் நகரவில்லை.

"இன்னிக்கு இவங்களைப் பாக்க முடியாது சார்."

"அப்புறம் பசங்க எங்க போய்க் கத்துக்குவாங்க சிஸ்டர்? அந்தம்மா வேணாம்னு சொன்னாங்களா?"

"வேணும்னும் சொல்லல சார். யாருமே கேக்கல. ரெஸ்ட்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க."

ஷீட்டை நீட்டினேன். நீட்டியபடியே நின்றேன். டாக்டர் அதை வாங்கவில்லை.

உள்ளே இருமல் கேட்டது. திரைக்குள் நுழைந்து பின்னால் இழுத்து மூடினேன். அந்த அம்மா கண்ணைத் திறக்கவில்லை. காலடிச் சத்தத்துக்கே விரல்கள் மேல் பொத்தானைத் தேடிப் போய்விட்டன.

"பதினெட்டா?" என்றார் மெதுவாக.

"இல்லம்மா, நான்தான். கழட்டாதீங்க."

அவிழ்ந்த பொத்தானைப் போட்டுவிட்டேன். திரைக்குக் கீழே ஒன்பது ஜோடி ஷூக்களும் போன பாடில்லை. ஸ்டூலை இழுத்து, அவற்றுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.