ஏர்பேக்கின் மேல் மாதா

அடையாற்றில் அந்த ஷோரூமில் எல்லா மதத்துக் கடவுளும் ஸ்டாக்கில் இருந்தார்கள். வண்டி வாங்குகிறவரின் பெயரைப் பார்த்து, பிள்ளையாரா, மாதாவா, பிறை போட்ட பித்தளைத் தகடா என்று அவர்களே முடிவு செய்து, டேப் வைத்து டேஷ்போர்டில் ஒட்டிவிடுவார்கள். இலவசம். நைனாவின் பெயர் லாசர் என்பதால் எங்கள் புது வண்டிக்கு வேளாங்கண்ணி மாதா வந்திருந்தாள். நல்ல கனமான சிலை. ஒட்டிய இடம்தான் தப்பு. முன்சீட்டுக்கு நேர் எதிரே, ஏர்பேக் என்று இங்கிலீஷில் பொறித்திருந்த மூடியின் மேல்.

அந்தச் சீட்டில் என் அண்ணி ஸ்டெல்லா, ஆறு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் அண்ணன் பாரத் வண்டியை வேளாங்கண்ணிக்கு ஓட்டுவதாக ஏற்பாடு. அண்ணி இதே சீட்டில், குழந்தை இதே மடியில்.

தரமணியில் என் வேலை, கம்ப்யூட்டருக்குள் கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பார்ப்பது. எங்கள் வீட்டிலேயே காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் என்று பாலவாக்கத்துக் கோயிலில் எனக்குச் சால்வை போட்டார்கள். அதோடு சரி. என் படிப்பு ஊருக்குப் பெருமை, வீட்டில் அதற்கு ஒரு வேலையும் கிடையாது. ஏர்பேக் ஏதோ பஞ்சு மெத்தை போல மெல்ல விரியும் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வெடிக்கிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூடியைப் பிளந்துகொண்டு வருகிறது. மூடிமேல் எது இருந்தாலும் எதிரே இருப்பவர் முகத்தில் போய் அறையும். மடியில் குழந்தை இருந்தால் குழந்தையின் தலையில்.

"அண்ணி, புள்ளயோட எறங்கு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"இந்தச் செலைய எடுக்கணும்."

அம்மா கேட்டுவிட்டாள். அவள் காதில் சில வார்த்தைகள் மட்டும் சரியாக விழும். "மாதாவ எடுக்கப் போறியா? ஒன் வாயி புழுத்துப் போவும்டீ."

விற்பனைக்காரர் சாய்நாத் ஓடிவந்தார். "ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"இத இங்க ஒட்டச் சொன்னது யாரு?"

"டெலிவரி கிட்ல வர்றது மேடம். எல்லாருக்கும் பண்றோம். ஒரு சென்டிமென்ட்."

"ஏர்பேக் மேலயா?"

"கவலையே படாதீங்க. நம்ம வண்டி க்ராஷ் டெஸ்ட்ல அஞ்சு ஸ்டார்." சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினார். தான் போய் மோதிவிட்டு வந்தது போல ஒரு பெருமை.

"அந்த ஸ்டார் வாங்கறப்போ டேஷ்போர்டு மேல யாரு இருந்தாங்க?"

அவர் போஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் இல்ல சார். கொழந்த பொம்மைய பின்சீட்ல, கொழந்தைக்குன்னே செஞ்ச சீட்ல கட்டி வச்சு மோதவிட்டாங்க. மடியில வச்சு இல்ல. அந்த சீட் இருக்கா உங்ககிட்ட?"

"ஆர்டர் போட்டா வரும் மேடம். யாரும் கேக்கறதில்ல."

"இந்தச் செலைய மட்டும் நாங்க கேட்டமா?"

பாரத் என் கையைப் பிடித்து இழுத்தான். "ஜனங்க பாக்குது ஜாஸ்மின். வூட்டாண்ட போயி பேசிக்கலாம்."

"தாய் மடிய வுட பத்ரமான எடம் இன்னாடீ கீது?" என்றாள் அம்மா.

"வண்டி மோதுனா மடி இங்கயே நிக்கும். புள்ள நிக்காது."

"கெட்டியா புடிச்சிக்குவா."

"முடியாதும்மா. அவளாலயும் முடியாது, ஒன்னாலயும் முடியாது."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இதை நயமாகச் சொல்ல வழியிருந்தால் யாராவது எனக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.

சாய்நாத் என்னை விட்டுவிட்டு நைனா பக்கம் திரும்பினார். "சார், பொண்ணு ரொம்பப் படிச்சிருக்காங்க இல்ல, அதான் பயப்படறாங்க."

நைனா சங்கடமாகச் சிரித்தார். அதுவரை யாரும் அவரை சார் என்று கூப்பிட்டு, ஏசியில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்ததில்லை. அந்த மரியாதை என்னால் கெட்டுவிடுமோ என்று அவருக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி உயிரையும் குழந்தை உயிரையும் பணயம் வைக்க, ஒரு கிளாஸ் ஜூஸ் போதுமா இவர்களுக்கு?

"சரி சார்" என்றேன். "ஒரு வரி எழுதிக் குடுங்க. ஏர்பேக் மூடி மேல செலைய நாங்கதான் ஒட்டினோம், அதனால ஆபத்து ஒண்ணும் இல்லன்னு. கீழ கையெழுத்தும் ஷோரூம் சீலும்."

அவர் சிரித்தார். "அதெல்லாம் வழக்கம் இல்ல மேடம்."

"பரவால்ல, எழுதுங்க."

"மேனேஜர் இல்ல."

"ஒட்டறப்போ மேனேஜர் இருந்தாரா? நீங்களே போடுங்க."

காலையிலிருந்து அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் நைனா கையெழுத்துப் போட்டிருந்தார், ஒன்றையும் படிக்காமல். அதே பேனாவை இப்போது சாய்நாத் மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். நைனாவின் சிரிப்பு நின்றது.

"இன்னா தம்பி, என்னாண்ட அத்தினி கையெழுத்து வாங்குன. நீ ஒண்ணே ஒண்ணு போட மாட்டியா?"

"ஐயா, அது கம்பெனி ரூல்..."

சார், ஐயாவாகிவிட்டது. நைனா அவரை விட்டுத் திரும்பினார். பிறகு பாரத்திடம் சொன்னார்: "புள்ளயோட அவள பின்னால குந்த வய்யி. அந்தப் புள்ள சீட்டு வர்ற வரிக்கும் வேளாங்கண்ணிக்கு பஸ்லயே போவலாம்."

"நைனா, அவ எதனா பேசிக்கினு இருப்பா, நீ போயி..."

"அவ பேசறா. இவன் பேனாவத் தொறக்க மாட்டேன்றான் பாரு."

ஸ்டெல்லா குழந்தையோடு இறங்கிப் பின்சீட்டுக்குப் போனாள். நைனா ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து மீன்வலை கட்டும் நைலான் நரம்பு கொண்டுவந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சிலையின் அடியில் ரம்பம் போல அறுத்தோம். மாதா ஒரு கீறலும் இல்லாமல் கழன்று வந்தாள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டு முந்தானையில் வாங்கினாள். வாங்கியவள், மாதாவை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பாரத்தின் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். "மாதாவ அண்ணிகிட்ட குடு. பெல்ட்டு போடு. இல்லன்னா வண்டி இங்கயே நிக்கும்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சிலையைப் பின்னால் நீட்டினாள். பெல்ட்டை இழுத்தாள்.

"இத எங்க சொருவறது? ஓட்டையே இல்ல."

குனிந்து பார்த்தேன். பெல்ட் மாட்டும் இடத்தில் ஏற்கெனவே ஒரு போலிக் கொக்கி செருகியிருந்தது. பெல்ட் போடாவிட்டாலும் வண்டி கத்தாமல் இருக்க. சாய்நாத்தைக் கேட்டால், அதுவும் கிட்டில் வருவதாம், அதுவும் இலவசம்.

பிடுங்கி எடுத்து சாய்நாத்தின் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு அம்மாவின் பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன்.