பின்னறைக்கு ஏறிய கருநீலம்

இப்போதெல்லாம் எவனும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. செய்துவிட்டுத்தான், "எப்படி இருக்கு?" என்று வந்து நிற்கிறார்கள். நன்றாக இல்லை என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். காலையில் நடந்துவிட்டுத் திரும்பிய பெரியவருக்கும் அதுதான் நடந்தது. அவருடைய பின்னறையில் கட்டிலை நடுவே இழுத்துப் போட்டிருந்தார்கள். கதவோரச் சுவரில் பாதிக்குக் கருநீலம் ஏறியிருந்தது.

"யாரைக் கேட்டு?"

"உங்க பிள்ளைதான் மாமா சரின்னார்." மருமகள் வண்ண அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தாள். "முன்னூறு நீலம் பாத்து இதை எடுத்தேன்."

"முன்னூறு நீலம் பாத்தவளுக்கு, இங்க படுக்கறவன் ஒருத்தன் கண்ணுல படலையா?"

பெயிண்டர் ரோலரை நிறுத்தாமல் சிரித்தார். "இப்ப இதுதாங்க ஐயா ஃபேஷன்."

"உன் வீட்டுக்கு அடிச்சியா?"

"என் வீட்டுக்கு அடிக்க எனக்கு எங்கங்க நேரம்?"

"அப்ப வாயை மூடு."

இரண்டு வருஷமாக அவர் கண்ணில் புகை படிந்து வந்தது. யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. தெரிந்தால் மகன் அவரைத் தனியாக வாசல் தாண்ட விடமாட்டான். வெள்ளைச் சுவரில் கதவு ஒரு பழுப்புக் கறையாகத் தெரியும், மரச் சுவிட்சுப் பலகை அதைவிடச் சின்னக் கறையாக. அந்தக் கறைகளை வைத்தே காலத்தை ஓட்டினார். இந்தப் பாழாய்ப்போன நீலத்தில் அவை கரைந்துவிடும். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது?

"கிணத்துக்குள்ள படுக்கச் சொல்றியா?"

"திரை மணல் கலர், போர்வை சாம்பல், விளக்கு மஞ்சள். எல்லாம் பொருத்தமா இருக்கும் மாமா."

"பொருத்தம் பாத்து சுவருக்கும் திரைக்கும் கல்யாணமா பண்ணப் போறே? எவ்வளவு இருட்டுன்னு நீயே பாரு!"

விளக்கைப் போட்டுக் காட்ட விருட்டென்று கையை நீட்டினார். உள்ளங்கை ஈரச் சுவரில் சப்பென்று ஒட்டியது. நகர்த்தி இன்னொரு தடவை தட்டினார். மறுபடியும் ஈரம். சுவிட்சு ஒரு சாண் தள்ளி இருந்தது. ரோலர் நின்றது.

"காஞ்சிடுச்சான்னு பாத்தேன்" என்றார்.

"காயலைங்க ஐயா. ரெண்டு தடவை பாத்துட்டீங்க."

மருமகள் சிரிக்கவில்லை. சுவரில் பதிந்த இரண்டு கைத்தடங்களையும் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெயிண்டரிடம் திரும்பினாள்.

"கதவு, நிலை, சுவிட்சுப் பலகை எல்லாம் வெள்ளை அடிச்சிடுங்க. கட்டில்லேர்ந்து கதவு வரைக்கும் இடுப்பு உயரத்துல வெள்ளைப் பட்டை ஒண்ணு."

"பேசினதுல இது இல்லீங்களேம்மா."

"இப்ப பேசறேன்ல?" குரலைத் தாழ்த்தினாள். "நீலத்துக்கு வெள்ளை எடுப்பா இருக்கும் மாமா. உங்க பிள்ளை கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்."

பெரியவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கண்டுபிடித்துவிட்டாள். இன்றைக்கு மூடுகிற வாய், நாளைக்குப் புருஷனோடு ஒரு சண்டை வந்தால் திறக்காது என்று யார் கண்டது? அறையைக் கேட்காமல் எடுத்தவள், இதை மட்டும் கேட்டுவிட்டா சொல்லப்போகிறாள்?

"அப்படித்தான் சொல்லணும். வேற என்ன இருக்கு சொல்ல?" என்று உறுமினார். "வெள்ளையும் நல்லா இருக்காது."

நீலக் கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி, யாரும் வழிகாட்டுவதற்கு முன் விறுவிறுவென்று தெருவுக்கு நடந்தார்.