தையலுக்கு விட்ட கண்ணாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். பொய்யில்லை. அப்பா படுத்திருந்த அறையின் ஜன்னல் கண்ணாடி செவ்வாய்க்கிழமை காலை உடைந்தபோது, என்ன ஏது என்று பார்ப்பதற்கு முன்பே என் வாய் திறந்துவிட்டது.

அடுத்த வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த பெயிண்டரின் ஏணி எங்கள் ஜன்னலிலிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றது. எனக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? வெந்நீர் வாளியை வாசற்படியிலேயே வைத்துவிட்டு ஓடி, கட்டிலில் கிடந்த அப்பாவின் மேலேயே சாய்ந்து, உடைந்த ஓட்டை வழியாக அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கீழே உட்கார்ந்து சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். ஏணியைத் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார். ஏணி தானாக நடந்து வந்ததா என்று கேட்டேன். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

அப்பாவின் மடியில் எவர்சில்வர் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து கிடந்தது. சத்தத்தில் பதறிக் கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். அவர் இடது கையைப் பிடித்துக் கட்டிலின் கம்பியோடு கட்டினேன்.

கட்டுவது பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு மாதத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போயிற்று. மூக்கில் குழாய் போட்டிருந்த நாட்களில் இடது கையால் அதைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் தையல்காரி. உள்ளே மெத்தென்று பஞ்சு வைத்து, தோல் உரசாதபடி ஒரு பட்டை தைத்து, அந்தக் கையைக் கட்டி வைத்தேன். பார்த்த நர்ஸ் தனக்கு நாலு தைத்துத் தரச் சொன்னார், அவ்வளவு நேர்த்தி. குழாயை எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. கட்டு மட்டும் பழக்கத்தில் நின்றுவிட்டது. குளிப்பாட்டும்போதுதான் அவிழ்ப்பேன். செவ்வாய்க்கிழமை காலை அப்படித்தான் அவிழ்த்திருந்தேன்.

அவருக்கு எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்தப் பேச்சை நானும் தம்பியும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அது ‘எதுவும் புரியாது’ என்று ஆகிவிட்டது. அப்பாவும் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். தம்பி வேறு ஊரில் வேலை பார்க்கிறான். அவன்தான் அலைந்து ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்தான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்து அப்பாவை ஏற்றிக்கொண்டு போகும். போனால் திரும்பி வரும் வழி இல்லாத இடம் அது. எங்கள் மூன்று பேருக்குமே அது தெரியும். மூன்று பேர் என்றால் நான், தம்பி, என் வீட்டுக்காரர். அப்பாவை யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

வண்டி வரும் வரையாவது மழைச்சாரல் அவர் மேல் அடிக்கக் கூடாதே என்று புதன்கிழமை கண்ணாடிக் கடைக்குப் போனேன். உண்மையை மறைப்பானேன், எனக்கும் அந்த ஜன்னல் தேவையாக இருந்தது. வீட்டிலேயே நல்ல வெளிச்சம் உள்ள அறை அதுதான். அப்பா போனபின் தையல் மெஷினை அங்கே போடுவதாக முடிவு செய்திருந்தேன்.

ஒரு கண்ணாடி மாட்டுவதற்கெல்லாம் ஆள் அனுப்ப அடுத்த வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். கண்ணாடியை வெட்டித் தருகிறேன், ஓரத்தில் பூசியிருக்கும் பழைய லப்பப் பசையைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியைச் சட்டத்தில் உட்கார வைத்து, நாலு சின்ன ஆணி அடித்து, புது லப்பம் பூசினால் வேலை முடிந்தது, நீங்களே செய்யலாம் என்றார். அளவு எழுதிய சீட்டைக் கொடுத்தேன். சட்டத்தை ஒழுங்காக அளந்தீர்களா, கண்ணாடி ஒரு நூல் குறைந்தால் பரவாயில்லை, கூடினால் உட்காராது என்றார். இருபத்திரண்டு வருடமாக அளவு எடுக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? வெட்டுகிற வேலையைப் பாருங்கள் என்றேன்.

கனம் பார்ப்பதற்காக உடைந்த சில்லு ஒன்றைக் கொண்டு போயிருந்தேன். அதன் ஒரு பக்கத்தில் வெயிலுக்கு நான் ஒட்டிய தாள் இன்னும் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாள் ஒட்டினது உள்பக்கம்தானே? அடி உள்ளேர்ந்து விழுந்திருக்கும்மா. பட்ட பக்கம் சின்னப் புள்ளி, மறுபக்கம் அகலமாப் பேந்திருக்கு பாருங்க.”

உள்ளே யார் இருக்கிறார்கள் அடிப்பதற்கு என்று கேட்டுவிட்டு, கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பெரிய நிபுணர் என்று அவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வேலையை ஆரம்பித்தேன். கட்டிலை ஜன்னலிலிருந்து இரண்டடி தள்ளிவிட்டு, வெளியே நின்று, ஸ்குரூ டிரைவரால் பழைய லப்பத்தைச் சுரண்டினேன். கல்லாக இறுகியிருந்தது. ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்து, துருப்பிடித்த பழைய ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, சட்டத்தைப் பிரஷ்ஷால் துடைக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அப்பா உள்ளே என் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். சுவர்ப் பக்கம் திருப்பிப் போட மறந்திருந்தேன்.

பிறகு கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிச் சட்டத்தில் வைத்தேன். வைத்தேன் என்றா சொன்னேன்? எங்கே வைப்பது? மேலே இடித்தது, கீழே இடித்தது, பக்கத்தில் அரை இஞ்ச் வெளியே நின்றது. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். கடைக்காரனை ஒரு கை பார்த்துவிடுவது என்று கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, இடுப்பிலிருந்த டேப்பை எடுத்து அளந்தேன். பத்தொன்பதுக்கு இருபத்தைந்து. சீட்டை எடுத்துப் பார்த்தேன். பத்தொன்பதுக்கு இருபத்தைந்து, என் கையெழுத்து. சட்டத்தை அளந்தேன். பதினெட்டுக்கு இருபத்துநாலு.

தலையில் அடித்துக்கொண்டேன்.

“அட பாழாப்போன புத்தி! நாலு பக்கமும் தையலுக்கு அரை இஞ்ச் விட்டுல்ல எழுதியிருக்கேன்! கண்ணாடியை எங்க மடிச்சுத் தைக்கிறது!”

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. விக்கல் மாதிரி, மூச்சு முட்டுகிற மாதிரி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பாவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து கண்ணில் நீர் வழிந்தது. ஏதோ ஆகிவிட்டது, வண்டி வரும் முன்பே போகப்போகிறார் என்று நினைத்தேன். வீட்டைச் சுற்றி ஓடினேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உதட்டின் இடது பாதி மேலே ஏறியிருந்தது. ஹ்க், ஹ்க் என்று மூச்சு வந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்பா சட்டைக் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கட்டியிருந்த இடது கையின் இரண்டு விரல்கள் போர்வையின் மேல் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து விரிந்து மூடின. வெட்டிவிடு, நாலு பக்கமும் அரை அரை இஞ்ச் வெட்டிவிடு என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்குச் சிரிப்பதென்றால், நான் பேசியதைக் கேட்டு, தையலுக்கு விடுவது என்ன என்று நினைவு வந்து, அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பார்த்துத்தான் சிரிக்க முடியும். அத்தனையும் அந்தத் தலைக்குள் நடந்திருக்கிறது. இன்றைக்கு மட்டும்தானா நடந்திருக்கும்?

இந்த அறையில் நான் பேசாத பேச்சா? அவர் தலைமாட்டில் நின்றுகொண்டுதான் டேப்பை விரித்து, மெஷின் இங்கே, கட்டிங் மேஜை இங்கே என்று வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவருடைய துணியை மாற்றிக்கொண்டே மூக்கைச் சுளித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை, அவர் மேல் துண்டைப் போட்டுக்கொண்டே, ஸ்பீக்கரில் தம்பியிடம் பேசினேன். இல்லத்தில் சேர்ப்பது பாவமோ என்று அவன் இழுத்தான். அதற்கு நான் சொன்னது ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது. “அங்க அப்பா இல்லடா, வெறும் கூடு கெடக்கு. சீக்கிரம் போய்ச் சேர்ந்தா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.” சொல்லிவிட்டு வெந்நீர் எடுக்க அடுப்படிக்குப் போனேன். அப்போதுதான் கண்ணாடி உடைந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டை அவிழ்க்கப் போனேன். நானே தைத்த பட்டை, எனக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன்.

“அப்பா, நான் சொல்றது புரியுதா? ஆமான்னா ஒரு தடவை கம்பியைத் தட்டுங்க. இல்லேன்னா ரெண்டு தடவை.”

அவர் என்னைப் பார்த்தார். விரல் முட்டி கட்டில் கம்பியில் ஒரு தடவை பட்டது.

கண்ணாடியை உடைத்தது நீங்களா என்று கேட்டேன். ஒரு தட்டு. என் மேல் கோபத்திலா என்றேன். இரண்டு தட்டு. பிறகு எதற்கு? அதைத் தட்டலில் எப்படிச் சொல்வார்? நானே யோசித்துக் கேட்க வேண்டியிருந்தது.

“என்னைக் கூப்பிட்டீங்களாப்பா?”

ஒரு தட்டு.

கூப்பிட்டிருக்கிறார். ஏழு மாதத்தில் ஒரே ஒரு தடவை, கை அவிழ்ந்திருந்த அந்த நேரத்தில், கிடைத்த டம்ளரை எடுத்துக் கண்ணாடியில் அடித்து, நான் இருக்கிறேன் என்று கூப்பிட்டிருக்கிறார். நானும் ஓடித்தான் வந்தேன். வந்து அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தேனா? யாரோ பெயிண்டரைத் திட்டிவிட்டு, கூப்பிட்ட கையைப் பிடித்துக் கட்டினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரிதாக அழுதேன். அவர் கை என் முழங்கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அது இன்னும் மோசமாக இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். “எல்லாமே கேட்டிருக்குமாக்கா?” என்றான், சின்னக் குரலில். அவனும் லீவுக்கு வந்தபோதெல்லாம் அந்த அறையில் பேசியவன்தான். என்னென்ன பேசினோம் என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. எல்லாமே என்றேன். நாளைக்கு வண்டியை வேண்டாமென்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். அப்பாவைக் கேட்காமல் இன்னும் ஒரு முடிவு எடுக்கப்போகிறாயா என்று அவன் மேல் எரிந்து விழுந்துவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்தேன்.

“அப்பா, நாளைக்கு வண்டி வருது. நீங்க போக வேண்டாம். இங்கேயே எங்ககூட இருக்கீங்களா?”

இருக்கிறேன் என்பார் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். முட்டி கம்பியில் பட்டது. நான் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் பட்டது. இரண்டு.

தவறித் தட்டிவிட்டாரோ என்று மறுபடியும் கேட்டேன். மறுபடியும் இரண்டு. முகம் அமைதியாக இருந்தது. சிரித்ததன் அடையாளம்கூட இல்லை.

“நான் அன்னைக்குச் சொன்னதுனாலயா?”

ஒரு தட்டு.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது. எனக்கோ, பாவி, கோபம்தான் வந்தது. என் மேல்தான் கோபம், ஆனால் அது அவர் மேல் போய் விழுந்தது. புத்தி கெட்டுப்போய் நான் ஒன்று சொன்னால் அதற்காக வீட்டை விட்டுப் போவீர்களா, சின்ன வயதிலிருந்து என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்று அழுதுகொண்டே சண்டை போட்டேன். போனில் தம்பி அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை.

“அதுக்காக நீங்க போகக் கூடாது. வேற காரணம் இருந்தா சொல்லுங்க, நானே வண்டியில ஏத்தி விடறேன். அங்க நல்லாப் பாத்துப்பாங்கன்னா, இங்க உங்களுக்குப் பிடிக்கலேன்னா, போங்க. வேற காரணம் இருக்காப்பா?”

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பினார். அவ்வளவுதான், திரும்பிவிட்டார், இனிப் பேச மாட்டார் என்று எனக்கு உயிரே போயிற்று. பிறகு சுவரைப் பார்த்தபடியே ஒரு தட்டுத் தட்டினார். கம்பி அதிர்ந்து அடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

இன்னொரு தட்டு விழுந்தது.

“ரெண்டாக்கா?” என்றான் தம்பி.

“ரெண்டுடா. வேற காரணம் இல்லையாம்.”

வண்டிக்காரருக்கு இப்போதே போன் பண்ணி வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றான். வைப்பதற்கு முன்னால், “நாளைக்கு நான் கிளம்பி வர்றேம்பா, உங்ககிட்ட நானும் பேசணும்” என்று அழுதான். அப்பா என் பக்கம் திரும்பி, தம்பிக்கு நன்றாகக் கேட்க வேண்டும் என்று பலமாக, ஒரு தடவை தட்டினார்.