மெதுவாக இறங்கிய கிளைகள்

மரம்வெட்டி தன்னுடைய சின்னச் செயின்சா ரம்பத்தால் அறுத்த கிளைகள் பதினோரு வருடங்களாக மெதுவாகவே தரைக்கு வந்தன. இரண்டாவது மாடி உயரத்திலிருந்து தொடைக் கனத்துக் கிளை ஒன்று இறங்க நான்கு நிமிடம் ஆகும். மழையில் நனைந்த கிளை என்றால் அரை நிமிடம் கூடும். கீழே கயிறு பிடிக்கும் அவன் மனைவி அதற்குள் கொடியில் காயும் துணிகளை எடுத்துவிடுவாள், வழியில் நிற்கும் சைக்கிளைத் தள்ளி வைப்பாள், பிறகு வந்து சேர்ந்த கிளையைத் தோளில் வாங்கிச் சுவரோரம் கிடத்துவாள். முதல் வருடம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அடுத்த வருடம் எல்லோருக்கும் பழகிப்போனது. ஓட்டு வீடும் கண்ணாடி ஜன்னலும் உள்ளவர்கள் அவனைத்தான் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் வருடம், மழைக்காலத்துக்கு முன்பு, ஏதோ யோசனையில் அவன் ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டான். அரைமணி நேரம் ஓடிய ரம்பம் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் முழுக்க நகத்தால் பிறாண்டியதுபோல் கோடுகள். பிஸ்டனையும் சிலிண்டரையும் மாற்ற வேண்டும், அதற்கு ஆகும் செலவில் இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கிவிடலாம் என்றார். பெட்ரோல் பங்கில் கலப்படமானதை ஊற்றிவிட்டார்கள் என்று அவன் வீட்டில் சொன்னான். மனைவி சீல் உடைக்காத ஆயில் டப்பாவை எடுத்துப் பார்த்தாள், திரும்ப அலமாரியில் வைத்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிவு செய்திருப்பார்கள். அவனுக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. கிளைகளை மெதுவாக இறக்கும் அந்த நிதானம் ரம்பத்தில் எங்கே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பிஸ்டனில் இருந்தால் ரிப்பேரில் போய்விடும். வேறெங்காவது இருந்தால், புதிது வாங்கும்போது பழசோடு போய்விடும். இத்தனை வருடத்தில் மனைவி விலகி ஓடும் பழக்கத்தையே மறந்திருந்தாள். கிளை முறிகிற சத்தம் கேட்டால் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்ப்பாள், அப்படியே நிற்பாள். சாப்பிட உட்கார்ந்தால் எதிரே அவள் தலை வகிடு தெரியும். பாதிச் சோற்றிலேயே எழுந்துவிடுவான். மெக்கானிக்கிடம் நாள் தவறாமல் போய் நின்றான்.

"எதையெல்லாம் மாத்தாம விடுவீங்க?"

"கைப்பிடி, டேங்க், சங்கிலி எல்லாம் பழசுதான்."

"அப்ப அதே மெஷினா இருக்குமா?"

"ஸ்டார்ட் ஆகும். அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

குழந்தைகள் பள்ளியின் தகரக் கூரைக்கு மேலே ஒரு பெரிய கிளை சாய்ந்து தொங்கியது. தலைமையாசிரியை தினமும் போன் செய்தார். வானம் கறுக்கத் தொடங்கியதும் அவன் ரிப்பேருக்கே ஒப்புக்கொண்டான். ரம்பம் கைக்கு வந்ததும் மனைவியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, காலி மனை ஒன்றில் தனியாக ஏறி, கைக் கனத்துக் கிளையை அறுத்தான். அது எல்லோருடைய கிளையும் விழுவதுபோல விழுந்தது. கீழே இருந்த பிளாஸ்டிக் வாளி இரண்டாகப் பிளந்தது. மறுநாள் கையில் இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டுப் புது ரம்பமும் வாங்கி, அதே மனையில் தனியாக அறுத்துப் பார்த்தான். அதுவும் அப்படியே. இனிமேல் நீ வேலைக்கு வரவேண்டாம் என்று மனைவியிடம் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு, முதுகு வலிக்கிறது என்கிறாயே என்றான். அவளுக்கு முதுகு வலித்ததே இல்லை.

பள்ளி விடுமுறை நாளில் மூன்று கயிறு கட்டித் தனியாக அறுக்கத் தொடங்கினான். முக்கால்வாசி அறுத்திருந்தபோது பள்ளி கேட்டைத் தள்ளிக்கொண்டு மனைவி வந்தாள், கையில் கேனோடு. "பெட்ரோல்ல ஆயில் கலந்து கொண்டு வந்திருக்கேன். இந்தத் தடவையும் பங்க்காரன் தலையில போடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே நேராகக் கிளைக்கு அடியில் வந்து நின்றாள். கிளை முறிந்தது. முதல் கயிறு அறுந்தது, இரண்டாவதும் மூன்றாவதும் அறுந்தன. அவள் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

கிளை வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கூரை விளிம்பைத் தொடாமல் ஒதுங்கி, நான்கு நிமிடமும் கொஞ்சமும் எடுத்துக்கொண்டு இறங்கியது. அந்த நேரம் முழுவதும் அவன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவள் வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கிளையைத் தோளில் வாங்கிக் கிடத்திவிட்டு அவள் சொன்னாள், "இறங்கி வாங்க."

ரம்பம் கெடுவதற்கு முன்பு அவள் இல்லாமல் ஒரு கிளைகூட அறுத்ததில்லை என்பது மரத்திலிருந்து இறங்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. நடந்ததையெல்லாம் சொன்னான். ஒன்று போதுமென்ற இடத்தில் இரண்டு ரம்பம் ஆகிவிட்டதே என்பதுதான் அவளுடைய வருத்தம். இப்போது பருமனான கிளைக்குப் பழசு, மெல்லியதற்குப் புதிது. அவளை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிப் பார்த்தான். கிளை வேகம் எடுத்தது. அதற்குப் பிறகு சொல்வதில்லை. ஒவ்வொரு கிளை இறங்கும்போதும் அவன் மேலே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவள் கீழே நின்று, அடுத்து எந்தக் கிளை என்று கேட்கிறாள்.