பதினான்கு கிலோ மருந்துச்சீட்டு

கொத்தனார் கொண்டுவந்த மருந்துச்சீட்டின் எடை பதினான்கு கிலோ இருநூறு கிராம். மருந்துக்கடைக்குப் பக்கத்துப் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்த எடை அது. அந்தக் கடைக்காரர் தராசைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தார். கிலோ கணக்கில் விலை சொல்லலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தார். சீட்டு உள்ளங்கை அகலம்தான். மூட்டுவலிக்கு எழுதிய மூன்று வரி. மருந்துக்கடை மேஜையில் வைத்தபோது கண்ணாடியில் நீளமாக ஒரு விரிசல் ஓடியது. நாற்பது வருடம் செங்கல் சுமந்தவர் என்பதால் கொத்தனாருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வழியில் மூச்சு வாங்கியதை வயதின் தலையில் கட்டிவிட்டார்.

கடையில் இருந்தவளைத் தெருவே மெடிக்கல் அக்கா என்று அழைத்தது. படித்த படிப்புக்கு மருந்தாளுநர். பதினெட்டு வருடமாகப் பார்த்த வேலை, சீட்டை வாங்கி, மாத்திரையைக் கத்தரித்து, கவரில் போட்டுக் கொடுப்பது. அதற்கு முந்தைய மாதம் தையற்காரர் ஒருவர் இறந்திருந்தார். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு மாத்திரைகள். இரண்டையும் கவரில் போட்டுக் கொடுத்தது அவள் கை. யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்: "வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" கேட்க ஆரம்பித்த வாரத்திலேயே, சீட்டுகளுக்கு எடை இருப்பது அவள் கைக்குப் பிடிபட்டது. சில சீட்டு கால் கிலோ, சில முக்கால் கிலோ. பதினான்கு கிலோ அதுதான் முதல் தடவை.

கொத்தனார் சட்டைப்பையிலிருந்து இன்னொரு அட்டையை எடுத்துக் காட்டினார். இதயத்துக்காக வேறு ஊர் ஆஸ்பத்திரியில் கொடுத்த, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. அதோடு இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும். அவள் டாக்டருக்குப் போன் செய்தாள்.

"எழுதுறது என் வேலை. எடுத்துக் கொடுக்கிறது உங்க வேலை," என்றார் டாக்டர்.

"எடுக்கவே முடியலையே டாக்டர். அவ்வளவு கனமா இருக்கு."

அவர் போனை வைத்துவிட்டார். கொத்தனாருக்கும் கோபம். "பெரிய டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போகுது?" என்று சீட்டை அள்ளிக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனார். முனைக்கடைக்காரர் சீட்டைத் தொடவேயில்லை; மேஜையில் கிடந்தபடியே படித்து, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவளுக்குக் கொத்தனாரின் வீடு தெரியாது. கடையைப் பூட்டினாள். கட்டட வேலை நடக்கும் இடமாகப் பார்த்து, சாரத்தின் அடியில் நின்று அண்ணாந்து விசாரித்தாள். மழையில் ஒரு நாள், வெயிலில் ஒரு நாள். மூன்றாம் நாள் காலை, பதினோராவது கட்டடத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்த பெண் வழி சொன்னாள். போனபோது கொத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்கையில் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"சிமென்ட் மூட்டை இடிச்சிருக்கும்," என்றார்.

"பல்லு தேய்ச்சா ரத்தமா வருதும்மா," என்றாள் மனைவி. "நேத்திலிருந்து தலை சுத்துதுங்கிறார்."

"நீங்க அந்தப் பக்கம் பிடிங்க," என்று மனைவியிடம் சொல்லி, மெடிக்கல் அக்கா அவரை எழுப்பி ஆட்டோவில் ஏற்றினாள். சீட்டையும் சாக்கில் கட்டி ஏற்றினார்கள். ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்தே போனது. ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா..." என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் அடுத்த பாட்டிலை மாட்டினாள். ஒன்பதாம் நாள் கொத்தனார் நடந்தே வீடு திரும்பினார்.

பத்தாம் நாள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்தது. கடையை மூன்று நாள் மூடியது, வைத்தியத்தில் குறுக்கிட்டது. புகார் கொடுத்தவர் டாக்டர். உரிமம் போனால் கடை இல்லை. "ஒரு மன்னிப்பு கேட்டுட்டு வந்துடேன்," என்றான் கணவன்.

"மன்னிப்பு கேட்க வேண்டிய வீடு ஒண்ணு இருக்கு. அது அந்த ஆபீஸ் இல்ல," என்றாள். தையற்காரர் வீட்டுக்குப் போய் அவர் மனைவி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா எழுந்து போய்த் தையல் மெஷினின் மூடியைச் சாத்தினாள். பிறகு, "விசாரணைக்கு நானும் வரேன்," என்றாள்.

விசாரணை அறையில், தையற்காரரின் மனைவி பக்கத்தில் நிற்க, அவள் சீட்டை மேஜைமேல் வைத்ததும் மேஜை முனகியது. அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். சீட்டு எவ்வளவு கனக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை. "டாக்டர், அதைக் கொஞ்சம் எடுத்து இப்படிக் கொடுங்க," என்றார். டாக்டர் முப்பது வருடமாகச் சீட்டு எழுதுகிறவர், ஆனால் எழுதிய சீட்டை ஒரு நாளும் தூக்கியதில்லை. அது நோயாளிகள் செய்வது. இரண்டு விரலால் எடுக்கப் பார்த்தார். வரவில்லை. எழுந்து நின்று, இரண்டு கையாலும் தூக்கி, மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருஷமா இப்படி?" என்று கேட்டார்.

"நான் கேட்க ஆரம்பிச்சது போன மாசம். அதுக்கு முன்னாடி எத்தனை வருஷமோ, தெரியல."

டாக்டர் உட்கார்ந்து, பேனாவை எடுத்து, வலி மாத்திரை வரியை அடித்தார். மறுகணமே மின்விசிறிக் காற்றில் சீட்டு பறந்தது. குமாஸ்தா அறை முழுக்கத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. புகார் வாபஸ் ஆனது. டாக்டர் சட்டென்று மாறிவிடவில்லை. இரண்டு வருடம் எரிச்சலோடுதான் போனை எடுத்தார், ஆனால் எடுத்தார். கடையை ஒட்டி உட்கார்ந்து பேச ஓர் அறையைக் கொத்தனார் கட்டிக் கொடுத்தார். முட்டி வலிக்கிறது என்று ஒவ்வொரு வரிசைச் செங்கல்லுக்கும் முனகினார், அவள் சொல்லிக்கொடுத்த பயிற்சியைத் திட்டிக்கொண்டே செய்தார். நாலாம் வருடம் மற்ற தெருக்களின் மருந்தாளுநர்களும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்கள். அவர்கள் கைக்கும் எடை தெரிந்தது. ஆறாம் வருடம் அரசின் சுற்றறிக்கை வந்தது.

இப்போதெல்லாம் மருந்துச்சீட்டில் நோயாளியின் எடைக்குப் பக்கத்தில் சீட்டின் எடைக்கும் ஒரு கட்டம் உண்டு. அரைக் கிலோவைத் தாண்டினால் மருந்தாளுநர் உட்கார வைத்துப் பேசிய பிறகே மருந்து. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.