லியோனுக்கு வைத்த பதாகை

இரண்டு நாட்டுக்குக் கிறிக்கெற் விளையாடியவரைக் கட்டினால் என்ன மிஞ்சும் என்று என்னைக் கேளுங்கள். நோவெண்ணெய் மணக்கும் ஒரு வீடு மிஞ்சும். என் கணவர் லியோனுக்கு இலங்கை அணியில் பந்து வீசி இடது முழங்கால் போனது, கனடா அணியில் வீசி வலதும் போனது. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு மிச்ச மனிதரை என்னிடம் தந்துவிட்டார்கள். இந்த முறை ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்தபோது விமானத்திலிருந்து இறங்கவே சக்கர நாற்காலி கேட்டார். நாற்பது வயதுதான் ஆகிறது.

பங்குத் திருநாளுக்கு வந்தோம் என்றுதான் ஊருக்குச் சொன்னோம். உண்மையில் வந்தது அவருடைய அண்ணன் ஜஸ்ரினிடமிருந்து ஒரு வார்த்தை கேட்க.

ஜஸ்ரின் அத்தான் முல்லைத்தீவில் கலியாணம் கட்டி, அங்கேயே கடலுக்குப் போனவர். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மகளைப் பறிகொடுத்துவிட்டு, மனைவியோடு முகாமுக்கு வந்து சேர்ந்தார். அதே நாட்களில்தான் லியோன் முதன்முதலாக இலங்கை அணிக்கு விளையாடினார். விக்கெற் விழுந்ததும் வாயெல்லாம் பல்லாக அவர் ஓடிய படம் பத்திரிகையில் வந்தது. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற அத்தானிடம் யாரோ அதைக் காட்டி, "உது உங்கடை தம்பியெல்லோ?" என்று கேட்டிருக்கிறார்கள். "உவன் எனக்குச் செத்திட்டான்" என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது.

அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்பதே அப்போது கொழும்பில் இருந்த லியோனுக்குத் தெரியாது. அந்தப் படத்துக்குப் பிறகு விக்கெற் எடுத்து அவர் சிரித்ததில்லை. கனடாவுக்குப் போய், அந்த நாட்டுச் சட்டையைப் போட்டும் சிரிக்கவில்லை. இலங்கைக்கு எதிராகவே ஒரு விக்கெற் எடுத்தார். குருநகரில் வெடி கொளுத்தினார்களாம். இவர் பந்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் திரும்பி நடந்தார். எங்கள் கலியாண அல்பத்தில்கூட மாப்பிள்ளை செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரித்தான் நிற்கிறார். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

அத்தான் இப்போது பருத்தித்துறையில் இருக்கிறார். வந்த மறுநாளே பஸ் எடுத்துப் போனோம். அவர் மனைவி தேநீர் தந்தார். அத்தான் பின்வாசலால் இறங்கிக் கடற்கரைக்குப் போய்விட்டார். போன முறையும் இப்படித்தான், அதற்கு முந்தின முறையும் இப்படித்தான். திரும்பி வரும் பஸ்ஸில் லியோன், "மேர்சி, இனி நான் வரமாட்டன். ஏலாது" என்றார். முழங்காலைச் சொல்கிறார் என்று நினைக்க நான் மடைச்சி இல்லை.

இதற்கிடையில் திருநாள் சுற்றுப்போட்டிக்கு இவரைப் பிரதம விருந்தினராகப் போட்டிருந்தார்கள். கழகச் செயலாளர் சுபாஸ் வரவேற்புப் பதாகைக்கான வசனத்தை அச்சுக்கடைக்குப் போனில் அனுப்பியிருக்கிறான். மதிப்பாக இருக்கட்டும் என்று அந்த அறிவாளி, "குருநகரைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட, இரு தேசிய அணிகளின் வீரர் திரு. லியோன் அவர்கள்" என்று தொடங்கிவிட்டான். யாழ்ப்பாணத்தில் அந்த வசனம் எங்கே வரும் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மரண அறிவித்தலில் வரும். கடைக்காரரும் மிச்சத்தை வாசிக்காமல் அதற்கு வழக்கமான சட்டகத்துக்குள் போட்டு அடித்துவிட்டார். இரண்டு பக்கமும் மெழுகுதிரி, மேலே சிலுவை, நடுவில் சிரிப்பில்லாத என் மனுசன். கடைசி வரியில் இருந்த 'வருக வருக' மட்டும் சந்தியில் நிற்கும் ஓட்டோவுக்குப் பின்னால் மறைந்துபோனது.

காலையில் கதவைத் திறந்தால், பக்கத்து வீட்டு மக்டலீன் அக்கா என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்.

"ஐயோ பிள்ளை, நேற்றும் என்னோடை கதைச்சவரெல்லோ!"

"அக்கா, அவர் உள்ளுக்கு இடியப்பம் சாப்பிடுறார்."

அவர் நம்பவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் திரும்பினார். அதற்குள் யாரோ பதாகையைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டார்கள். ஆழ்ந்த அனுதாபங்கள் வந்து குவிந்தன. ஒருவர் 'இலங்கையின் மைந்தன்' என்று எழுதினார், இன்னொருவர் 'கனடாவின் பெருமை' என்றார். லியோன் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"செத்தால்தான் ரெண்டு நாட்டுக்கும் நான் வேணும்போலை" என்றார்.

சுபாஸைக் கண்டால் நாலு வார்த்தை கேட்பது என்று வாசலுக்கு வந்தேன். படலையடியில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது ஜஸ்ரின் அத்தான். சட்டைப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது, காலில் செருப்பில்லை. இத்தனை வருடமாக அந்தப் படலையைத் தொடாதவர், அதைப் பிடித்துக்கொண்டு, "என்ரை தம்பி!" என்று குழறி அழுதார்.

விறாந்தையில் கதிரையில் இருந்த லியோன் எழும்பப் பார்த்தார். முழங்கால் விடவில்லை. கதிரைதான் கிறீச்சிட்டது.

அத்தான் அவரைக் கண்டார். அழுகை அப்படியே நின்றுபோனது. பொய் சொல்லி வரவழைத்தோம் என்று நினைத்துத் திரும்பிவிடுவாரோ என்று நான் முந்திக்கொண்டேன்.

"அத்தான், அது பனரிலை பிழை..."

அவர் என்னைப் பார்க்கவேயில்லை. "எழும்பாதை. இரு" என்றார் லியோனிடம். அதுதான் அந்த ஒரு வார்த்தை. கிட்ட வந்து, படியில் குந்தி, தம்பியின் வீங்கிய முழங்காலில் கையை வைத்தார்.

"வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான். நான் சொன்ன சொல்லுத்தான் பலிச்சுப் போச்செண்டு."

"அண்ணை, நீங்கள் அங்கை கிடந்து பட்டது சத்தியமா எனக்குத் தெரியாது..."

"உனக்குத் தெரியாதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பிறகேன் அண்ணை?"

அத்தான் முழங்காலைத் தடவினார். "பிள்ளையைப் புதைச்சுப்போட்டு வந்து நிக்கிறன். ஆரையாவது ஏச வேணும்போலை கிடந்தது. படத்திலை நீதானே இருந்தனி" என்றார்.

எனக்கு அந்த மனிதரை உலுப்பிக் கேட்கவேண்டும் போலவும் இருந்தது, காலில் விழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் குசினிக்குப் போய் இடியப்பத்தைத் தட்டில் எடுத்து வைத்தேன். திரும்பி வந்தபோது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு லியோன் அழுதுகொண்டிருந்தார். அழுகைதான். ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது.